லொறியா புகையிரதமா என்பது வினாவன்று

கொழும்பு மாநகரின் குப்பையை லொறியில் ஏற்றுவதா, புகையிரதத்தில் ஏற்றுவதா என்னும் விவாதம் நம் நாட்டிற் பல ஆண்டுகளாக நடைபெற்று வந்துள்ளது. பொறியியலாளர் எரிபொருட் கணக்கை முன்வைக்கின்றனர். பொருளியலாளர் தொன்னுக்கு இத்தனை ரூபா என்கின்றனர். சூழலியலாளர் புகையை அளக்கின்றனர். அரசியல்வாதிகள் அடிக்கல் நாட்டுகின்றனர். இவ்விவாதத்திற் பங்குகொள்வோர் எல்லோரும் ஒரு விடயத்தில் மட்டும் உடன்பட்டு நிற்கின்றனர். குப்பை போகத்தான் வேண்டும், அது போய்ச் சேருமிடம் தூரத்தில் இருக்கத்தான் வேண்டும் என்பதே அவ்வுடன்பாடு. அந்த உடன்பாடே பிழையானது என்பதும், வாகனங்களை ஒப்பிடுவதற்கு முன்னர் அவற்றில் ஏறும் பொருளை ஆராயாத எந்த ஒப்பீடும் பயனற்றது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடாகும்.

தூரம் எவ்வாறு வளர்ந்தது என்பதை முதலில் நோக்குவோம். கொழும்பின் குப்பை ஒரு காலத்தில் நகரின் உள்ளேயே, புளூமென்டல் பகுதியிற் குவிக்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அதனை நிறுத்துமாறு பணித்தது. குப்பை நகர எல்லையைத் தாண்டி, கொலன்னாவைப் பகுதியைச் சேர்ந்த மீதொட்டமுல்லைக்குச் சென்றது. அங்கே தோட்டக் குடியிருப்புகளின் தலைக்கு மேல் மலையாக வளர்ந்தது. அயலிலுள்ள மக்கள் ஆண்டுக்கணக்காக வீதியில் இறங்கி முறையிட்டனர். முறையீடு கோப்புகளிற் கிடந்தது. 2017 ஏப்ரல் 14 ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, அம்மலை சரிந்தது. 32 உயிர்கள் மாண்டன. உள்ளே நின்றது வெளியே போயிற்று, வெளியே நின்றது மனிதரைக் கொன்றது. இனி எங்கே? விடை, மலை சரியுமுன்னரே வரைபடமாக மேசையில் இருந்தது: புத்தளம் நகருக்கு வடக்கேயுள்ள அருவக்காடு, சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்தெடுத்த பழைய குழிகள், கொழும்பிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர்.

அத்திட்டத்தின் உருவம் தாளில் அழகானது. நாளொன்றுக்கு 1,200 தொன் குப்பை களனியில் அமைந்த இடமாற்று நிலையத்துக்கு வரும். அங்கே அமுக்கப்பட்டு மூடிய கொள்கலங்களில் அடைக்கப்படும். புகையிரதம் அதனைப் புத்தளப் பாதை வழியே இழுத்துச் செல்லும். அடியில் நீர் புகாத விரிப்பிட்ட குழியில் அது புதைக்கப்படும். இதனையும் தெருவோரத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடந்த மீதொட்டமுல்லையையும் ஒன்றெனச் சொல்வது நேர்மையாகாது. ஆயினும் 2019 ஆகஸ்டில் அருவக்காட்டுக்கு முதலிற் போய்ச் சேர்ந்தவை மூடிய கொள்கலங்களைச் சுமந்த புகையிரதங்கள் அல்ல, டிப்பர் லொறிகளே. புகையிரதத்தின் பெயராற் பெற்ற அனுமதியை லொறி பயன்படுத்திக்கொண்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அத்தளத்தில் வெடிப்பொன்று நிகழ்ந்தது. சேதனப் பொருள் காற்றின்றி அழுகுமிடத்தில் மெதேன் தோன்றும் என்பது க.பொ.த. உயர்தர மாணவரும் அறிந்த செய்தி.

இனி, விவாதிப்போர் விரும்புகின்ற ஒப்பீட்டையே அவர்களுடைய நிபந்தனைகளின்படி செய்து பார்ப்போம்.

லொறியை எடுத்துக்கொள்க. பத்துத் தொன் ஏற்றும் லொறி ஒன்றெனக் கொண்டால் 1,200 தொன்னுக்கு 120 பயணங்கள் வேண்டும். போவது 170 கிலோமீற்றர், வெறும் வண்டியாகத் திரும்புவது 170 கிலோமீற்றர். மொத்தம் 40,800 கிலோமீற்றர். பூமியின் நடுக்கோட்டுச் சுற்றளவு ஏறத்தாழ 40,075 கிலோமீற்றர். கொழும்பின் ஒரு நாட் குப்பையை லொறியிற் போக்குவது என்றால் நாள்தோறும் ஒரு முறை உலகைச் சுற்றி வருவதாகும்; அதிலும் சரிபாதித் தூரம் வெறுமையாக. லீற்றர் டீசலுக்கு மூன்று கிலோமீற்றர் ஓடும் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் 13,600 லீற்றர். 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் நிலையங்களின் முன் இரவு பகலாக வரிசையில் நின்ற தலைமுறையிடம் இவ்வெண்ணை விளக்க வேண்டியதில்லை. இவற்றோடு கொழும்பு-புத்தளம் வீதியின் நெரிசல், விபத்து, வழிநெடுகச் சொட்டும் கறுத்த நீர் ஆகியனவும் சேரும். மழை நாளிற் குப்பை லொறியின் பின்னாற் பேருந்திற் பயணம் செய்தவர்க்கு அந்நீரைப் பற்றி எழுதிக்காட்டத் தேவையில்லை.

புகையிரதத்தின் மேன்மை பெளதிக விதியினின்றும் பிறப்பது. உருக்குத் தண்டவாளத்தின்மீது உருளும் உருக்குச் சில்லு, தார் வீதியில் உருளும் இறப்பர்ச் சில்லை விடப் பன்மடங்கு குறைந்த தடையையே எதிர்கொள்கின்றது. ஆதலால் ஒரு தொன் சுமையை ஒரு கிலோமீற்றர் நகர்த்த லொறிக்கு வேண்டிய எரிபொருளில் மூன்றிலொன்றோ அதனினும் குறைவோ புகையிரதத்துக்குப் போதும். அறுபது கொள்கலங்களில், கொள்கலமொன்றுக்கு இருபது தொன்னாக, இரண்டே வண்டித் தொடர்களில் 1,200 தொன்னும் போய்விடும். நூற்றிருபது சாரதிகளின் தூக்கமற்ற இரவுகளுக்குப் பதிலாக இரண்டு எஞ்சின்கள்.

இதுவரையில் வாதம் புகையிரதத்தின் பக்கமே சாய்கின்றது. ஆனால் இவ்வொப்பீட்டைச் செய்வோர் பெரும்பாலும் தண்டவாளத்தின் இரு முனைகளையும் மறந்துவிடுகின்றனர். புகையிரதம் எவர் வீட்டு வாயிலுக்கும் வருவதில்லை. வெள்ளவத்தையிலும் மட்டக்குளியிலும் சேரும் குப்பையைக் களனி வரை கொண்டுவருவது லொறியே. அங்கே அமுக்கும் பொறி, பாரந்தூக்கி, கொள்கலம் கழுவும் இடம், கழுவிய நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஆகியன வேண்டும். மறுமுனையில் மீண்டும் இறக்கி, குழிக்குக் கொண்டு செல்லல் வேண்டும். இவ்விரு முனைச் செலவுகளும் தூரத்தோடு கூடுவதில்லை, குறைவதுமில்லை. எனவே தூரம் நீண்டால் மட்டுமே புகையிரதம் ஆதாயம் தரும். இதனைச் சற்று நிதானித்து நோக்குக. புகையிரதத்தைச் சிக்கனமாக்கும் பொருட்டுத் தூரம் நீள வேண்டும். தூரத்தை நியாயப்படுத்தும் பொருட்டுப் புகையிரதம் வேண்டும். ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இந்த இரட்டை நியாயத்தின் நடுவே, குப்பை ஏன் போக வேண்டும் என்ற கேள்வி நசுங்கிப் போகின்றது. புத்தளப் பாதையின் பெரும்பகுதி ஒற்றைப் பாதை என்பதும், சிலாபத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் தலைநகருக்கு வேலைக்கு வருவோர் அதனையே நம்பியுள்ளனர் என்பதும் வேறு. அவர்களுடைய வண்டி ஒதுங்கி நிற்கக் குப்பை வண்டி முந்துமா, குப்பை வண்டி ஒதுங்கி வெயிலில் நாறுமா என்பதை நேரசூசி எழுதுவோர் தீர்மானிக்கட்டும்.

நீர்வழியையும் ஒரு சொல் சொல்லிவிடலாம். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு ஊடாகப் புத்தளம் வரை ஒல்லாந்தர் காலத்திலிருந்தே கால்வாய் வழியொன்று இருந்தது. சரக்கேற்றிய பாதைப் படகுகள் அதில் ஓடின. படகே மூன்றினுள்ளும் மலிவான வாகனம். இலண்டன் நகரின் குப்பை இன்றும் தேம்ஸ் நதியில் தெப்பப்படகுகளிலேயே பெல்வெடியரிலுள்ள எரியுலைக்குச் செல்கின்றது. ஆனால் நம் கால்வாய் தூர்ந்து ஆழமற்றுக் கிடக்கின்றது. அது சென்று கலப்பதோ மீனவர் வாழும் களப்புகளில். அத்துடன் படகு மலிவானது என்பதனாற் குப்பைக்கு இடம் கிடைத்துவிடாது. 1987 ஆம் ஆண்டில் நியூயோர்க்குப் பகுதியிலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் தொன் குப்பையுடன் புறப்பட்ட மொப்ரோ 4000 என்னும் தெப்பப்படகு, ஏற்பாரின்றி பெலீஸ் நாட்டுக் கரை வரை அலைந்து, புறப்பட்ட இடத்துக்கே மீண்டது. ஈற்றில் அக்குப்பை புரூக்ளினில் எரிக்கப்பட்டது. மலிவான வாகனம் குப்பையின் பயணத்தை நீட்டிற்று, அவ்வளவுதான்.

ஆக, வாகனத்தை மட்டும் ஒப்பிட்டாற் புகையிரதம் முதலாவது, லொறி கடைசி. இதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் அவ்வண்டியில் ஏறுவது என்ன?

நம் நாட்டு நகரக் குப்பை மேலைநாட்டுக் குப்பையைப் போன்றதன்று. அதில் அரைப்பங்குக்கு மேற்பட்டது உணவெச்சமும் காய்கறித் தோலும் இலைகுழையுமாகிய சேதனப் பொருள். மழைக்காலத்திலே தேங்காய்த் துருவலும் வாழைமடலும் மீன்செதிலும் ஊறிக் கிடக்கும் அக்குவியலின் நிறையில் ஏறத்தாழ அறுபது வீதம் வெறும் நீர். அந்த அறுபது வீதத்தை 1,200 தொன்னுக்குப் பிரயோகித்தால் 720 தொன். சுருங்கச் சொல்வதானால், இத்திட்டத்தின்படி நாள்தோறும் எழுநூறு தொன்னுக்கு மேற்பட்ட நீரை ஈரவலயத்திலிருந்து உலர்வலயத்துக்கு டீசல் எரித்துக் கொண்டு செல்கின்றோம். குடிநீருக்குத் தவிக்கும் வணாத்தவில்லுப் பகுதிக்குத் தலைநகர் அனுப்பும் நீர் இதுவே! அமுக்கும் பொறி இந்நீரிற் சிலதைக் களனியிலே பிழிந்துவிடும் என்பர். பிழிந்தது ஆவியாகிப் போய்விடுவதில்லை. களனி கங்கையின் அயலிலே அதனைச் சுத்திகரிக்க வேண்டும். சுத்திகரிக்காவிட்டால் ஆறு அதனைக் குடிக்கும்.

இந்த நீர் பயணம் செய்யவேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் எமது வாதத்தின் உயிர்நாடி. சேதனப் பொருளை அது பிறந்த வட்டாரத்திலேயே கூட்டெருவாக்கினால் அதன் நிறையிற் பாதியோ அதற்கு மேலோ நீராவியாகவும் வாயுவாகவும் போய்விடும். எஞ்சுவது மண்ணுக்கு உணவு. சந்தைக் கழிவையும் உணவகக் கழிவையும் உயிர்வாயுக் கலத்தில் இட்டால் அடுப்பெரிக்கலாம். சேதனப் பகுதி நீங்கிய பின் எஞ்சும் காகிதம், போத்தல், தகரம், கடின பிளாத்திக்கு ஆகியவற்றை வாங்குவோர் கொழும்பிலேயே உள்ளனர். பழைய இரும்பும் போத்தலும் கேட்டுக் கூவி வரும் வியாபாரியை எந்தத் திட்ட அறிக்கையும் கணக்கில் எடுப்பதில்லை. இவையெல்லாம் போக மிஞ்சுவதே உண்மையான குப்பை. அது உலர்ந்தது, நாறாதது, நாலைந்து நாட் காத்திருக்கக் கூடியது. அதனைப் புகையிரதத்தில் ஏற்றுவதற்கு எமக்கு ஆட்சேபமில்லை. கிழமைக்குச் சில வண்டிகள் போதும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். “பிரித்தெடுத்தல் என்பது ஏட்டுச் சுரைக்காய். நம் மக்கள் பிரிக்கமாட்டார்கள்” என்பர் நிர்வாகிகள். 2016 நவம்பரிலிருந்து தரம்பிரிக்காத குப்பை ஏற்கப்படமாட்டாது என்று உள்ளூராட்சி மன்றங்கள் அறிவித்தன. மக்கள் பல இடங்களிற் பிரித்தும் வைத்தனர். பிரித்து வைத்த இரு பைகளும் ஒரே வண்டியின் ஒரே வாய்க்குள் விழுவதை எத்தனையோ வீட்டுக்காரர் தம் படலையில் நின்று கண்டிருக்கின்றனர். அதன் பின் எவர் பிரிப்பார்? பழக்கம் கெட்டதற்கு மக்களைக் காரணங் காட்டுவது வசதியானது. காரணம் வண்டியிலே உள்ளது. ஈரக் குப்பைக்கு ஒரு நாளும் உலர் குப்பைக்கு இன்னொரு நாளுமாக வண்டி வரும் ஒழுங்கு, எந்தப் பாரிய திட்டத்திலும் மலிவான போக்குவரத்துச் சீர்திருத்தமாகும். அதற்குத் தண்டவாளம் வேண்டாம், வெளிநாட்டு ஒப்பந்தகாரர் வேண்டாம். அதனாலேயே அது எவருடைய அடிக்கல்லுக்கும் உகந்ததாக இல்லை.

அடுத்து, பாரிய போக்குவரத்துத் திட்டங்களின் இயல்பிலேயே பொதிந்துள்ள ஓர் அபாயத்தைக் குறிப்பிடல் வேண்டும். பல கோடி செலவிட்டுக் கட்டிய பாதை நாள்தோறும் 1,200 தொன்னைக் கேட்கும். குறைந்தால் நட்டம். அதன்பின் குப்பையைக் குறைப்போன் திட்டத்தின் எதிரியாகின்றான். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்செல்ஸ் மாவட்டத்தில் இது நிகழ்ந்தது. புவெந்தே ஹில்ஸ் என்னும் பெரிய குப்பைத்தளம் மூடப்படும் நாளை எதிர்நோக்கி, ஏறத்தாழ 320 கிலோமீற்றர் தொலைவில் இம்பீரியல் மாவட்டப் பாலைநிலத்தில் மெஸ்கீற் என்னுமிடத்தில் ஒரு தளமும், குப்பையைப் புகையிரதத்தில் ஏற்றும் நிலையமும் பெரும் பொருட்செலவிற் கட்டப்பட்டன. 2013 ஒக்டோபரில் புவெந்தே ஹில்ஸ் மூடப்பட்டபோது குப்பை வண்டி மெஸ்கீற்றுக்கு ஓடவில்லை. பொருளாதார மந்தத்தாலும் மீள்பயன்பாட்டாலும் குப்பையின் அளவு குறைந்திருந்தது. அருகிலுள்ள தளங்களுக்கு லொறியில் அனுப்புவது மலிவாக இருந்தது. செல்வந்த நாடு அந்நட்டத்தைத் தாங்கியது. கடனிற் கட்டும் நாடு தாங்க இயலாமல், பாதையை நிரப்புவதற்காகக் குப்பையைத் தேடும். கெரவலப்பிட்டியில் 2021 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய 10 மெகாவாற் எரியுலை மின்நிலையத்துக்கும் இது பொருந்தும். நாளொன்றுக்கு அறுநூறு தொன்னுக்கு மேல் உண்ணும் அவ்வுலை தூரத்தைக் குறைத்திருக்கின்றது என்பது உண்மை. ஈரக் குப்பையை எரிப்பது நீரைக் கொதிக்கவைப்பதற்குக் குப்பையைச் செலவிடுவது என்பதும் உண்மை. உலையும் உலர்ந்த குப்பையையே விரும்பும். பிரித்தல் அதற்கும் நன்மையே. ஆனால் அதனையும் நிரப்பியாக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், காகிதமும் பிளாத்திக்கும் மீள்பயன்பாட்டுக்குப் போகாமல் உலைக்கே போகும்.

நியூயோர்க்கு மாநகரின் கதை வேறொரு பாடத்தைத் தருகின்றது. ஸ்ரேற்றன் தீவிலுள்ள பிரெஷ் கில்ஸ் தளம் 2001 இல் மூடப்பட்டது. அதன்பின் நகரின் குப்பை அயல் மாநிலங்களுக்கு லொறியிலும் வண்டியிலும் ஏற்றுமதியாயிற்று. லொறிகள் குவிந்த இடமாற்று நிலையங்கள் தென் பிரொங்ஸிலும் வட புரூக்ளினிலும், அதாவது கறுப்பின மக்களும் இலத்தீன் அமெரிக்க வழிவந்தோரும் வாழும் வறிய பகுதிகளில் நெருங்கி நின்றன. பிள்ளைகளின் ஈளை நோயைக் காட்டி அம்மக்கள் போராடினர். 2006 ஆம் ஆண்டுத் திட்டம் லொறியைக் குறைத்துப் புகையிரதத்தையும் தெப்பப்படகையும் நாடியது. அப்பகுதி மக்கள் பெற்ற ஆறுதலை நாம் சிறிதாக்கவில்லை. ஆனால் வாகனம் மாறியதேயன்றிக் குப்பையின் திசை மாறவில்லை. செல்வமும் செல்வாக்கும் உள்ள இடத்திலிருந்து அவை இல்லாத இடத்துக்கே அது தொடர்ந்தும் பாய்ந்தது.

நம் நாட்டில் அந்தத் திசையின் முடிவில் இருப்பது எது? தேசத்தின் சுமைகளைப் புத்தளம் முன்னரே சுமந்துகொண்டிருக்கின்றது. சீமெந்துத் தொழிற்சாலையின் தூசி அங்கே. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் அங்கே. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஒரே மாதத்தில் விரட்டப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்களிற் பெரும்பாலோர்க்கு இடங்கொடுத்ததும் அம்மண்ணே. நாட்டின் மறுபகுதிகள் அம்மக்களைப் பற்றிப் பேச மறந்த காலத்திற் புத்தளத்தார் தம் கிணற்று நீரைப் பகிர்ந்தனர். சேரக்குளிக் கடற்கரையில் மீன்பிடிப்போர், களப்பில் வலைவீசுவோர், உப்பளத்தில் வெயில் குடிப்போர் ஆகியோரிடம் கொழும்பின் குப்பை பற்றி முறையாக எவரும் அபிப்பிராயம் கேட்டதாக அவர்கள் நம்பவில்லை. 2018 இலும் 2019 இலும் அவர்கள் நடத்திய போராட்டத்தை, தம் வளவில் மட்டும் வேண்டாம் என்போரின் தன்னலம் என்று தலைநகர்ப் பத்திரிகைகளில் எழுதியோர் உண்டு. தன் குப்பையைத் தன் வளவில் வைத்திருக்க மறுப்பவன் கொழும்பானா, புத்தளத்தானா?

அருவக்காட்டின் நிலவியலையும் கருதுக. சுண்ணாம்புப் பாறை துளையும் வெடிப்பும் உடையது, நீர் அதனூடே எளிதில் வழிதேடும். குழியின் அடியிலிட்ட விரிப்பு பழுதுறாதவரை அச்சமில்லை என்கின்றனர். அவ்விரிப்பு எத்தனை தலைமுறைக்குப் பழுதுறாதிருக்கும்? வில்பத்துச் சரணாலயமும் கலா ஓயா கடலொடு கலக்கும் கண்டற் காடுகளும் அயலில் உள்ளன. ஈரச் சேதனம் குழிக்குள் போகாவிட்டால் வடிநீரும் அரிதாகும், மெதேனும் அரிதாகும், விரிப்பின் பொறுப்பும் இலகுவாகும். ஆக, கொழும்பிலே பிரிப்பது புத்தளத்துக்கும் காவல்.

நாம் பிறரிடம் எதை எதிர்த்தோமோ அதையே நமக்குள் செய்கின்றோம் என்பதற்கு 2019 ஆம் ஆண்டே சாட்சி. அவ்வாண்டு ஜூலையிற் கொழும்புத் துறைமுகத்தில் ஐக்கிய இராச்சியத்திலிருந்து வந்திறங்கிய கழிவுக் கொள்கலங்கள் பற்றிய செய்தி வெளியாயிற்று. நாடே கொதித்தெழுந்தது. நாம் எவருடைய குப்பைத்தொட்டியும் அல்லோம் என்று பேசாத மேடையில்லை. வழக்கு நடந்தது; மொத்தம் 263 கொள்கலங்களிற் கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியிற் கப்பலேறியது. அது நியாயமான கோபம். 1989 ஆம் ஆண்டின் பாசெல் சமவாயம், ஒரு நாட்டின் கழிவை இன்னொரு நாட்டுக்கு அனுப்புமுன் ஏற்கும் நாட்டின் சம்மதத்தைப் பெறல் வேண்டும் என்கின்றது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. ஆனால் அந்தக் கோபக் குரல் அடங்குமுன், அடுத்த மாதமே, கொழும்பின் லொறிகள் புத்தளம் நோக்கிப் புறப்பட்டன. இங்கிலாந்துக்கும் இலங்கைக்கும் இடையே வேண்டப்படும் சம்மதம் கொழும்புக்கும் புத்தளத்துக்கும் இடையே ஏன் வேண்டப்படுவதில்லை? மாவட்டங்களுக்கிடையே ஒரு பாசெல் இல்லை என்பதுதான் விடை. ஒருவேளை, கப்பல் கண்ணுக்குத் தெரிகின்றது, இரவிற் செல்லும் லொறி தெரிவதில்லை என்பதும் ஒரு விடையாகலாம்.

இன்னொரு கப்பலையும் நினைவுகூர்தல் தகும். 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் அரசு தடைசெய்தது. உழவர் சேதனப் பசளையின்றித் தவித்தனர். சீனத்திலிருந்து இருபதாயிரம் தொன் சேதனப் பசளையுடன் ஹிப்போ ஸ்பிரிற் என்னும் கப்பல் வந்தது. தீங்கு செய்யும் நுண்ணுயிர்கள் உள்ளன என்று அது மறுக்கப்பட்டது. ஈற்றில் ஒரு தொன்னும் இறங்காமலே 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. நகரத்துச் சேதனப் பொருளைக் குழியிற் புதைப்பதற்குக் கடன்பட்டுத் தளம் கட்டிய நாடு, சேதனப் பசளை வாங்கக் கடல் கடந்து கப்பல் பிடித்தது. நகரக் கூட்டெரு நாட்டின் வயல்களுக்குப் போதும் என்று நாம் கூறவில்லை, போதாது. கண்ணாடித் துண்டும் மின்கலமும் கலந்த குப்பையில் ஆக்கிய எருவை எந்த உழவனும் தன் வயலில் இடமாட்டான் என்பதும் தெரியும். அதனாலேயே பிரித்தல் எருவாக்கலின் முதற்படி என்கின்றோம்.

சட்டம் இவ்விடயத்தில் தெளிவாகவே பேசுகின்றது. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி தெருக்குப்பையும் வீட்டுக்குப்பையும் சபையின் சொத்தாகும். சொத்து என்று எழுதிவைத்த பொருளை ஊர் ஊராகத் தள்ளிவிடும் சொத்துடைமையாளரை வேறெங்கும் காண்பதரிது. அச்சொத்துக்கு வீட்டுக்காரன் செலுத்தும் விலையோ விசித்திரமானது. ஆதன வரி வீட்டின் ஆண்டுப் பெறுமதியைக் கொண்டு அறவிடப்படுகின்றது. அவ்வீட்டிலிருந்து வெளியேறும் குப்பையின் அளவு அதில் எங்கும் இல்லை. நாளுக்கு ஒரு கூடை போடும் கைம்பெண்ணும் பத்துக் கூடை போடும் விருந்தினர் விடுதியும் அந்த 170 கிலோமீற்றரைத் தம் சீட்டிற் காண்பதில்லை. வீட்டுக்காரர்மீது நிறைவரி சுமத்துக என்று கூறமாட்டோம், ஏழை தன் குப்பையைக் கால்வாயில் எறிவான். ஆனால் உணவகம், விருந்தினர் விடுதி, பல்பொருள் அங்காடி, திருமண மண்டபம் முதலான பெருவாரிக் கழிவாளர் தம் ஈரக் குப்பையை நிறுத்து, அதன் முழுப் பயணச் செலவையும் தாமே செலுத்தல் வேண்டும். அந்தக் கணக்கு முதன்முறை கையிற் கிடைக்கும் நாளில், புத்தளத்துக்கு அனுப்புவதை விடத் தம் பின்வளவில் உயிர்வாயுக் கலம் வைப்பது மலிவு என்பதை அவர்களே கண்டுகொள்வர்.

“அதுவரை குப்பையை எங்கே போடுவது? மீண்டும் மீதொட்டமுல்லையிலா?” என்று வினவுவோர்க்கு மறுமொழி கூறாது விடலாகாது. அதுவரை கெரவலப்பிட்டி உலை உள்ளது. கரதியான போன்ற தளங்களிற் கூட்டெருவாக்கும் வசதி உள்ளது. அருவக்காடும் உள்ளது, கட்டிய தளத்தை இடித்துவிடுக என்று நாம் கேட்கவில்லை. நாம் கேட்பது நிபந்தனை. அருவக்காட்டுக்குச் செல்வது உலர்ந்த எச்சமாகவே இருத்தல் வேண்டும். அது புகையிரதத்தில் மட்டுமே செல்லல் வேண்டும். எஞ்சின் பழுது, பாதை பழுது என்று சொல்லி லொறி ஓட்டும் விதிவிலக்கு இருத்தல் ஆகாது. வண்டி ஓடாத நாளிற் குப்பை கொழும்பிலேயே நிற்கட்டும். உலர்ந்த குப்பை நிற்கும். ஈரக் குப்பை நின்றால் நாறும். அந்நாற்றம் அதைப் போட்டவர் மூக்கில் ஏறுவதுதான் முறை. ஆண்டுதோறும் ஏற்றும் அளவு குறைந்து செல்லும் வண்ணம் ஒப்பந்தம் எழுதப்படல் வேண்டும். கூடுதலாக ஏற்றினாற் கூடுதல் இலாபம் என்ற வாசகம் அதில் இருத்தலாகாது. தளத்தின் வாயிலிற் புத்தளத்து மக்களின் பிரதிநிதிகள் நின்று கொள்கலத்தைத் திறந்து பார்த்துத் திருப்பியனுப்பும் உரிமை பெறல் வேண்டும். இங்கிலாந்துக்குத் திருப்பியனுப்பிய நாட்டுக்குக் களனிக்குத் திருப்பியனுப்புவது கடினமாகாது.

இவற்றை எழுதும் நாம் வாழ்வது பேராதனையில். கண்டி நகரின் குப்பை பல்லாண்டுகளாகக் கொஹாகொடையில், மகாவலி ஆற்றங்கரையிலேயே குவிக்கப்பட்டு வந்ததை இப்பக்கங்களைப் படிப்போர் அறிவர். மழை பெய்தால் அம்மேட்டிலிருந்து வடிவது ஆற்றுக்கே செல்லும். சூழலியலைப் பாடமாகப் படித்து, மண்ணியலிற் பட்டம் பெற்று, பொறியியற் பீடத்திற் கழிவுநீர்ச் சுத்திகரிப்பை ஆய்ந்து வெளியேறும் நமக்கு, நமது விடுதிச் சமையலறைகளில் நாள்தோறும் மிஞ்சும் சோறும் பருப்பும் எங்கே செல்கின்றன என்பது தெரியுமா? விவசாய பீடத்துப் பரிசோதனைத் தோட்டம் சில நூறு யார் தொலைவில் இருக்க, அவ்வெச்சம் வண்டியேறி வெளியே போகுமாயின், கொழும்பு மாநகர சபையைக் கண்டிக்க நாம் யார் என்று புத்தளத்து மாணவர் ஒருவர் கேட்டால் நம்மிடம் மறுமொழி இல்லை. விடுதிகளின் ஈர எச்சத்தை ஒரு மாதம் நிறுத்து எழுதுவதற்கு ஒரு தராசும் ஒரு கொப்பியும் போதும். சங்கத்தின் அடுத்த பொதுக் கூட்டத்தில் இதனை ஒரு பிரேரணையாக முன்வைக்க எண்ணியுள்ளோம்.